ஜார்ஜ் ஹெர்பர்ட்: பக்குவமும் பிணக்கும்

பக்திக் கவிதை என்றதும் நவீன வாசகன் சற்று ஒதுங்கிக்கொள்கிறான். அவன் புகார் நியாயமானதுதான். பக்திக் கவிதையில் முடிவு முன்கூட்டியே நிச்சயமாகிவிட்டது. கவிஞன் எவ்வளவு அரற்றினாலும் கடைசி விருத்தத்தில் திருவடி சேர்ந்துவிடுவான் என்பது நமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், சாமிக்கும் தெரியும். ஆகவே நடுவில் நடப்பது அனுபவமல்ல, ஒத்திகை. எங்கே போய்ச் சேருவோம் என்று தெரியாமல் கிளம்புவதுதான் கவிதை என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது எப்படி ஒப்பும்?

இந்தப் புகாரை ஒரே ஒரு கவிஞரை வைத்துச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன் - பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜார்ஜ் ஹெர்பர்ட். எலியட் புண்ணியத்தில் ஜான் டன்னின் பெயர் இங்கு ஓரளவு புழங்கியிருக்கிறது. டன்னின் சிநேகிதி மக்தலீனின் மகனான ஹெர்பர்ட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. எலியட்டே தம் கடைசிக் காலத்தில், 1962ல், ஹெர்பர்ட்டைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூல் எழுதியிருந்தும்கூட. நான் கிறிஸ்தவன் அல்ல. கிறிஸ்துவோடு ஒருவன் கொள்ளும் அன்பு அவனை முதிர்ச்சிக்கு இட்டுச் செல்கிறது என்பதை ஒரு சித்தாந்தமாக நிறுவவோ மறுக்கவோ எனக்கு யோக்யதை இல்லை. ஆனால் கவிதையில் ஒரு மனம் வளர்ந்திருக்கிறதா, அல்லது வளர்ந்ததாகப் பாவனை செய்கிறதா என்பதை வாசகனாகச் சொல்ல முடியும்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1593ல் பிறப்பு. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. 1620ல் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வப் பேச்சாளர் பதவி - அரசருக்கும் பிரபுக்களுக்கும் லத்தீனில் முகமன் எழுதுகிற உத்தியோகம், அரண்மனைக்கு ஏணி. 1624ல் பாராளுமன்ற உறுப்பினர். 1625ல் ஜேம்ஸ் அரசர் இறக்கிறார். ஹெர்பர்ட் நம்பியிருந்த புரவலர்களும் அதே காலத்தை ஒட்டிப் போய்விடுகிறார்கள். 1630ல் ஸால்ஸ்பரிக்குப் பக்கத்தில் பெமர்ட்டன் என்கிற சின்ன ஊருக்குப் பாதிரியாராகப் போகிறார். மூன்றே வருஷம். 1633ல் காசநோயில் மரணம். அப்போது வயது நாற்பதுகூட நிறையவில்லை.

1670ல் ஐஸக் வால்ட்டன் எழுதிய வாழ்க்கைச் சரித்திரம் இதை ஒரு புனிதர் கதையாக ஆக்கிவிட்டது. நம் குருபரம்பரைக் கதைகளை வாசித்தவர்களுக்கு அதன் ஜோடனை உடனே பிடிபடும்: உலக ஆசை, மனமாற்றம், எளிமை, நறுமணம் கமழும் மரணம். மரணப்படுக்கையில் ஹெர்பர்ட் தம் கையெழுத்துப் பிரதியை லிட்டில் கிட்டிங்கில் இருந்த நண்பர் நிக்கலஸ் ஃபெரருக்குக் கொடுத்தனுப்பி, மனமொடிந்த ஏழை ஆத்மா ஏதாவது ஒன்றுக்கு இது உதவும் என்று தோன்றினால் அச்சிடட்டும், இல்லாவிட்டால் எரித்துவிடட்டும் என்று சொன்னதாக வால்ட்டன் சொல்கிறார். ஃபெரர் எரிக்கவில்லை. அதே வருஷம் கேம்பிரிட்ஜில் அச்சாயிற்று - ‘ஆலயம்’ என்ற ஒரே புத்தகம், 160க்கு மேற்பட்ட கவிதைகள்.

நான் பிடித்துக்கொள்ள விரும்புவது வால்ட்டனின் கதையை அல்ல. அதைவிட வறட்சியான ஒரு தகவலை. ஹெர்பர்ட்டின் கவிதைகளுக்கு இரண்டு கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. ஒன்று லண்டன் டாக்டர் வில்லியம்ஸ் நூலகத்துப் பிரதி. முந்தையது, ஹெர்பர்ட்டே தம் கையால் திருத்தங்கள் செய்தது. மற்றது ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்துப் பிரதி. புத்தகம் முழுமையாக உள்ளது. முந்தைய பிரதியில் ஏறக்குறைய பாதிக் கவிதைகள்தான் உண்டு. இந்தப் பாதியில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று பார்த்தால் ஒரு விசேஷம் தெரிகிறது. புத்தகத்தின் மையப் பகுதியை முடித்து வைக்கும் கவிதை, ஆத்மா விருந்தாளியாக அன்பின் வீட்டுக்குள் நுழைந்து உட்காரும் அந்தப் புகழ்பெற்ற மூன்றாவது ‘அன்பு’, முந்தைய பிரதியிலேயே இருக்கிறது. ஆனால் கடவுளோடு மேஜையைத் தட்டிச் சண்டை போடுகிற ‘கழுத்துப்பட்டை’ அதில் இல்லை. பட்டுப்போய் மீண்டும் துளிர்ப்பதைப் பேசும் ‘மலர்’ இல்லை.

அதாவது சமாதானம் முதலில் எழுதப்பட்டுவிட்டது. சண்டை பிறகுதான் வந்தது. பின்னால் வந்த சண்டையை ஹெர்பர்ட் புத்தகத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தார், முடிவை இருந்த இடத்திலேயே விட்டார். வளர்ச்சியை மாடிப்படி மாதிரி நினைப்பவர்களுக்கு இது சங்கடம் தரக்கூடிய தகவல். பக்குவம் வந்துவிட்ட ஒருவர் எப்படிப் பிற்பாடு இவ்வளவு கசப்பாகக் கத்த முடியும்? நான் மறுபக்கமாகக் கேட்பேன்: அந்த முடிவை எழுதியவரால்தான் இவ்வளவு தைரியமாகக் கத்த முடிந்திருக்கும். முடிவு தெரிந்திருப்பது கவிதையைக் கொன்றுவிடும் என்ற நம் புகார் இங்கே முதல் அடி வாங்குகிறது. முடிவு தெரிந்த வீட்டில்தான் குழந்தை கால் உதைத்துக்கொண்டு அழுகிறது.

‘கழுத்துப்பட்டை’யின் உருவத்தைக் கவனிக்க வேண்டும். தலைப்பின் ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே பாதிரியாரின் கழுத்துப்பட்டை, பித்தம் தலைக்கேறிய கோபம், கூப்பிடுகிறவர் என்று மூன்று ஓசைகள் கேட்கின்றன. இதைத் தமிழில் கொண்டுவர முடியாது, முயல்வதும் வீண். முப்பத்தாறு வரிகள். போதும், நான் போகிறேன், என் வாழ்க்கை என்னுடையது என்று வரி வரியாக உடைத்துக்கொண்டு போகிறது. வரிகளின் நீளம் ஒன்றுக்கொன்று ஒத்துவருவதில்லை. இயைபு உண்டு, ஆனால் எதிர்பார்த்த இடத்தில் வராமல் எங்கோ நாலைந்து வரி தள்ளி வருகிறது. ஒழுங்கு இருக்கிறது ஆனால் கலைந்து கிடக்கிறது என்று செவிக்கு மட்டும் தெரியும். கடைசி நான்கு வரிகளில் இயைபு ஒன்றுவிட்டு ஒன்றாக ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. அந்த நான்கு வரிகளில் நடப்பது இவ்வளவுதான்: யாரோ ஒரு சொல்லில் கூப்பிடுகிறார்கள், பெற்றவர்கள் கூப்பிடுகிற சொல்லில். இவனும் பதில் தருகிறான். வாதத்துக்கு மறுவாதம் எதுவும் தரப்படவில்லை. அவன் கேட்ட கேள்விகள் அத்தனையும் அப்படியே நிற்கின்றன.

இது ஏமாற்று வேலை, வாதத்தில் தோற்கப்போகும் நேரத்தில் உணர்ச்சியைக் கொண்டுவந்து நிறுத்துவது என்று சொல்லலாம். சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குரல் வந்தது என்று கவிதை அடித்துச் சொல்வதில்லை. கேட்டதுபோலத் தோன்றிற்று என்கிற அளவோடு நிறுத்திக்கொள்கிறது. நம்பிக்கைக்கும் பிரமைக்கும் நடுவில் உள்ள அந்த மயிரிழையில் ஹெர்பர்ட் நேர்மையாக நிற்கிறார். பிரசாரகராக இருந்திருந்தால் இடியும் மின்னலும் வந்திருக்கும்.

இங்கிருந்து எனக்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது. பக்திக் கவிதையில் கடவுள் குறுக்கே பேச முடிகிறதா? பெரும்பாலான துதிகளில் பேச முடியாது. பக்தன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருப்பான், தெய்வம் கல்லாக நின்று கேட்டுக்கொண்டிருக்கும். அது அன்பல்ல, தனிமொழி. ஹெர்பர்ட்டின் கிறிஸ்து குறுக்கே பேசுகிறார், அதுவும் மிகச் சில சொற்களில். அவர் பேசும்போதெல்லாம் கவிதையின் வடிவம் திரும்புகிறது. எதிராளி பேச இடம் விடுகிற அளவுக்குத் தன் பேச்சு சுருங்குவதைத்தான் இந்தப் புத்தகத்தில் முதிர்ச்சி என்று என்னால் காண முடிகிறது.

உறவின் பாத்திரங்களும் நமக்குப் பழக்கமானவை அல்ல. நாயகி பாவம் இங்கே அநேகமாக இல்லை. ஸ்பெயினின் சிலுவையின் யோவானிடம் இருக்கும் இரவும் மணப்பெண்ணும் ஹெர்பர்ட்டிடம் கிடையாது. இவரிடம் இருப்பது குடித்தனத்து உறவுகள் - வேலைக்காரன், விருந்தாளி, பிள்ளை, சிநேகிதன், குத்தகைதாரன். ‘மீட்பு’ என்ற சானட்டைத் தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகன் இரண்டே நிமிஷத்தில் உள்வாங்கிக்கொள்வான். பெரிய மிராசுதாரிடம் நெடுநாள் குத்தகைக்கு இருந்தவன், கட்டுப்படியாகவில்லை, பழைய சீட்டை ரத்து செய்து குறைந்த குத்தகைக்குப் புதுச் சீட்டு கேட்கப் புறப்படுகிறான். மேலுலகத்து மாளிகையில் விசாரித்தால், எப்போதோ பெரிய விலை கொடுத்து வாங்கிய நிலம் ஒன்றைக் கைப்பற்றப் பூமிக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள். பெரிய மனிதர் அல்லவா என்று நகரங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் அரசவைகளிலும் தேடுகிறான். கடைசியில் திருடரும் கொலைகாரரும் கூச்சலிடும் ஓரிடத்தில் அவரைக் காண்கிறான். இவன் வாய் திறப்பதற்குள் மனு அனுமதிக்கப்பட்டது என்று சொல்லிவிட்டு அவர் செத்துப்போகிறார். பதினான்கு வரி. சிலுவை என்ற சொல்லே வருவதில்லை. பத்திரப்பதிவு பாஷையில் ஆரம்பித்த கவிதை ஒரு கணத்தில் கால் கீழே உள்ள பூமியை இழுத்துக்கொள்கிறது.

‘துன்பம்’ என்று தலைப்பிட்ட கவிதைகளில் முதலாவதும் இதே வேலைக்காரன் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது. எஜமான் வீட்டுச் சாமான்களின் பகட்டைப் பார்த்து வேலைக்குச் சேர்ந்தவன் அவன். ஆரம்பத்தில் பாலும் தேனும். பிறகு வியாதி, நண்பர்களின் சாவு, படிப்பு என்ற பெயரில் சிக்கிக்கொண்ட வாழ்க்கை. புத்தகம் எதுவும் உதவாதபோது மரமாகப் பிறந்திருந்தால் ஒரு பறவையாவது கூடு கட்டியிருக்குமே என்று ஏங்குகிறான். வேறு எஜமானைத் தேடிப் போவேன் என்கிறான். கடைசி வரியில் அன்பு செய்தல் என்ற வினை இரண்டு முறை வருகிறது, இரண்டு முறையும் மறுப்போடு. அதைச் சாபமாகப் படிக்கலாம், சத்தியமாகப் படிக்கலாம், மிரட்டலாகவும் படிக்கலாம். ‘ஏழு வகைப் பொருள்மயக்கம்’ எழுதிய எம்ப்ஸனுக்கு இப்படிப்பட்ட வரிகள் கரும்பு. 1930ல் வந்த அந்தப் புத்தகத்தின் உச்சமாக ஹெர்பர்ட்டின் ‘பலி’யை அவர் எடுத்துக்கொண்டதும், அந்தக் கவிதையின் முரண்கள் பழைய வழிபாட்டு மரபிலேயே உள்ளவை, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம் என்று ரோஸமண்ட் டூவ் 1950களின் தொடக்கத்தில் அவரைத் தாக்கியதும் விமர்சன உலகில் பெரிய வழக்கு. டூவின் பாண்டித்யம் எனக்கு மரியாதைக்குரியது. ஆனால் மரபில் இருந்ததனாலேயே ஒரு முரண் வலிக்காமல் போய்விடுவதில்லை.

‘மலர்’ இன்னும் நுட்பமானது. வளர்ச்சி என்ற படிமத்தையே ஹெர்பர்ட் இதில் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறார். வானத்தை எட்டிவிடுவதுபோல நிமிர்ந்து வளர்ந்த காலமெல்லாம் பனி அடித்துக் கருகிய காலமாகத்தான் முடிந்திருக்கிறது. செடி உயிரோடு இருந்தது மண்ணுக்கு மேலே அல்ல, கீழே, வேர் வீட்டில், ஊருக்குச் செத்ததுபோல. இப்போது, இந்த வயதில், மறுபடி மொட்டு விடுகிறது. பனியும் மழையும் மணக்கிறது. எழுதுவதில் ருசி வந்திருக்கிறது. ஆன்மிகச் சுகம் என்று அவர் சொல்லும் இடத்தில் மழை வாசனையையும் செய்யுள் எழுதும் ருசியையும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். பரவசம் இல்லை, ஜோதி இல்லை. நோயாளி ஒருநாள் காலையில் காப்பி ருசிக்கிறது என்று சொல்கிற தளம் இது.

தமிழ் பைபிளில் பவுல் சொல்லும் முதிர்ச்சிக்குச் சில இடங்களில் ‘பூரணம்’ என்ற சொல்லும் வேறு சில இடங்களில் ‘தேறினவர்’ என்ற சொல்லும் வருகின்றன. இரண்டாவதைப் போட்டவர் யாராயிருந்தாலும் பாஷை தெரிந்தவர். தேறுவது என்றால் பரீட்சையில் தேறுவது, காய்ச்சலிலிருந்து தேறுவது, துக்கத்திலிருந்து தேறுவது. சைவ சித்தாந்தத்தின் மலபரிபாகமும் பக்குவமும் காலத்தில் பழம் பழுப்பதைச் சொல்கின்றன. ஹெர்பர்ட்டிடம் பழுத்து விழும் கனி இல்லை. திரும்பத் திரும்ப விழுந்து தேறுகிற உடம்புதான் இருக்கிறது. பூரணம் என்ற சொல்லில் அவருக்கே உறுத்தல் இருந்திருக்க வேண்டும். இன்று ‘ரசவாத மருந்து’ என்ற தலைப்பில் நாம் படிக்கும் கவிதைக்கு முந்தைய பிரதியில் ‘பூரணம்’ என்றுதான் பெயர் இருந்தது. அறையைக் கூட்டுகிற வேலைக்காரனும் தெய்வத்தின் பொருட்டுக் கூட்டினால் அந்தக் கூட்டலே பொன்னாகிறது என்பது அதன் கருத்து. இது பிற்பாடு தேவாலயங்களில் பாட்டாகவே பாடப்பட்டது. நம் மார்க்சிய நண்பர்கள் இதைப் படித்தால், விளக்குமாறு யார் கையில் இருக்கிறது, கூட்டப்படும் அறை யாருடையது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தக் கவிதையில் அதற்குப் பதில் இல்லை. இதைவிட மோசம், புத்தகத்தின் முகப்பில் வாசல் காவலாளி மாதிரி நிற்கும் ‘ஆலய முகப்பு’. எழுபத்தேழு பாடல்களில் குடிக்காதே, பொய் சொல்லாதே, சிக்கனமாயிரு என்று உபதேசம். நம் நீதி நூல்களில் கிடைக்காதது எதுவும் அதில் இல்லை. தாண்டிப் போய்விடலாம். ‘பலிபீடம்’, ‘ஈஸ்டர் சிறகுகள்’ போன்ற உருவக் கட்டுமானங்களை அடிஸன் 1711லேயே கேலி செய்தார். ரதபந்தமும் நாகபந்தமும் பார்த்துச் சலித்த நமக்கும் அது புரியும். ஆனால் சிறகுகளில் மனிதன் சிறுக்கும்போது வரியும் சிறுக்கிறது என்பது வெறும் கழைக்கூத்து அல்ல.

ஆங்கிலக் கிறிஸ்தவத்தின் ஆன்மிக வளர்ச்சி தமிழுக்கு வந்தது ஹெர்பர்ட் வழியாக அல்ல, பனியன் வழியாக. பனியனின் ‘மோட்சப் பிரயாண’த்தின் முதல் பாகம் 1678ல் வந்தது. 1858ல் ஞானஸ்நானம் பெற்ற ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவி 1894ல் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை வெளியிட்டார். கம்பனின் ஓசையை இவ்வளவு லாவகமாக வேறொரு மதத்துக்குக் கடத்திய சாதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் யாத்திரை என்ற படிமத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஊர்கள் மாறுகின்றன, யாத்திரிகன் மாற வேண்டியதில்லை. சேறு, மலை, கோட்டை, நதி எல்லாம் வெளியே. நதியைத் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. விருத்தத்தின் ஒரே சீரான நடை இந்த ஆபத்தை அதிகமாக்குகிறது. நிராசைக்கும் மகிழ்ச்சிக்கும் அதே கம்பீரம். ஹெர்பர்ட் எங்கும் போவதில்லை. அவருடையது வீடு. ஒரே வீட்டின் அறைகளுக்குள் கோபித்துக்கொண்டு போவதும் திரும்பி வருவதும்தான். கவிதைக்குக் கவிதை பாவடிவத்தை மாற்றிக்கொண்டே போகிறார். ஒரு தடவை தேறியது அடுத்த தடவைக்கு உதவாது என்பதை யாப்பே சொல்லிவிடுகிறது.

இனி அந்தக் கடைசி விருந்து. ஆறு ஆறு வரிகளாக மூன்று பத்தி, எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். வீட்டுக்காரரின் பெயர் அன்பு. புழுதியோடு வந்த விருந்தாளி வாசலிலேயே தயங்குகிறான். எனக்குத் தகுதி இல்லை என்கிறான். அவர் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துக் கேள்வி கேட்கிறார். இவன் இன்னொரு காரணம் சொல்கிறான். அதற்கும் பதில் இருக்கிறது. கடைசியில் இவன் சரி, அப்படியானால் நான் பரிமாறுகிறேன் என்கிறான். இதுதான் கவிதையின் மிக ஆபத்தான இடம். பாவம் போனபிறகும் போகாமல் நிற்கிற அகங்காரம் சேவை என்ற வேஷத்தில் வருகிறது. ‘ரசவாத மருந்’தின் விளக்குமாறு இங்கே மென்மையாகக் கையிலிருந்து வாங்கப்படுகிறது. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் எஜமானே இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்காரர்களைப் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறுவான் என்று வருகிறதே, அந்த இடம். உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர இவனுக்கு வேறு வேலை கிடையாது. சாப்பிடுகிறான். தென்கலையார் சொல்லும் பூனைக்குட்டி ஞாபகம் வருகிறது, தாய் கவ்விக்கொண்டு போகும், குட்டி பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஹெர்பர்ட்டின் குட்டி வாசல்படியில் நகத்தை ஊன்றி மூன்று பத்தி முழுக்கத் தர்க்கம் செய்கிறது.

இந்தக் கவிதைக்கு இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் ஒரு வாசகி கிடைத்தார். ஸிமோன் வேய், யூதக் குடும்பத்தில் பிறந்தவர், தொழிற்சாலையில் வேலை செய்து பார்த்த தத்துவவாதி. 1938ல் ஸொலெம் மடாலயத்தில் ஈஸ்டர் வாரத்தைக் கழித்தபோது ஓர் இளம் ஆங்கிலேயர் மூலம் பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர்கள் அவருக்கு அறிமுகமானார்கள். இந்தக் கவிதையை மனப்பாடம் செய்து, கடும் தலைவலி உச்சத்தில் இருக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வெறும் அழகான கவிதையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தபோது அது பிரார்த்தனையாகிவிட்டது என்றும், அப்படியொரு முறை சொல்லும்போது கிறிஸ்துவே வந்து தம்மை ஆட்கொண்டார் என்றும் 1942ல் பெரேன் பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். எந்தத் துதிக்கும் இதைவிடப் பெரிய நற்சாட்சி இருக்க முடியாது. ஆனாலும் ஞானஸ்நானத்துக்கு அவர் சம்மதிக்கவில்லை. சபைக்கு வெளியே நிற்பவர்களோடு வாசலிலேயே நிற்பதைத் தம் கடமையாகக் கொண்டார். 1943ல் இங்கிலாந்தில் ஆஷ்ஃபோர்டில் காசநோயில் கிடந்தபோது, ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸில் ஜனங்களுக்குக் கிடைக்கிற பங்குக்கு மேல் உண்ண மறுத்தார் என்கிறார்கள். முப்பத்துநாலு வயது.

உட்கார்ந்து சாப்பிடு என்று முடிகிற கவிதையை நெஞ்சில் வைத்திருந்தவர் உணவை மறுத்து இறந்தார் என்பது என்னை விட்டு அகலவில்லை. ஹெர்பர்ட்டின் அளவில் வேய் இரண்டாவது பத்தியிலேயே நின்றுவிட்டார் என்று சுலபமாகச் சொல்லலாம், அவரது மறுப்பில் அந்த விருந்தாளியின் அகங்காரம் இருந்தது என்றும் சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்ல நா எழவில்லை. ஹெர்பர்ட்டின் மேஜையில் ஒரு விருந்தாளிதான். பசித்த மற்றவர்கள் வாசலில் நிற்கிறார்களா என்று அந்தக் கவிதை திரும்பிப் பார்ப்பதில்லை. வேய் திரும்பிப் பார்த்தார்.

ஹெர்பர்ட்டுக்கும் இந்த நெருடல் அறவே இல்லாமலிருந்திருக்காது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. விருந்தோடு புத்தகம் முடிவதில்லை. முற்றும் என்று போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் ‘போராடும் சபை’ என்ற நீண்ட கவிதை ஆரம்பமாகிறது. சரளமில்லாத, பலர் படிக்காமல் விட்டுவிடுகிற கவிதை. முந்தைய பிரதியிலேயே உள்ளது. அதில் மதம் கிழக்கிலிருந்து மேற்காகத் தேசம் தேசமாக ஓடிக்கொண்டிருக்கிறது, பாவம் பின்னாலேயே துரத்திக்கொண்டு போகிறது. இங்கிலாந்திலும் தங்காமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தயாராக நிற்கிறது. அந்த இடத்தில் இரண்டு வரிகளுக்காக கேம்பிரிட்ஜ் அதிகாரி அச்சுக்கு அனுமதி தரத் தயங்கினார் என்று வால்ட்டன் எழுதுகிறார். ஃபெரர் அந்த வரிகளை எடுக்கச் சம்மதிக்கவில்லை.